அறுபதில் நின்ற தண்ணீர்

திருவிடைமருதூரைத் தாண்டி ரயில்வே கேட்டைக் கடந்தால் வருகிற அந்த அரிசி மில்லில் நுஸைபாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்டர்நெட் வேலை பார்க்கிறவள் என்பதால் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அவள் ‘நெட்டம்மா’. முதலாளி தியாகராசனுக்கு ‘ஏம்மா’. பாய்லர் பார்க்கிற கோவிந்தராசுவுக்குத் தங்கச்சி. கும்பகோணத்தில் பட்டம் வாங்கி, சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறையில் சில வருஷம் குளிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, மகள் பிறந்ததும் ஆடுதுறைக்கே திரும்பி வந்தவள். கணவன் யூசுப் ஷார்ஜாவில் கிடங்கு வேலை. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டவளுக்கு, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு உரக் கிடங்கு, ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இந்த மில் என்று வேலை தானாகச் சேர்ந்தது. சர்வர் வைப்பது, கேபிள் இழுப்பது, கேமரா மாட்டுவது, வெளியாள் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்வது எல்லாமே அவள்தான். எதுவும் கெடாத வரைக்கும் அவள் என்ன செய்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் அது பழகிப் போயிருந்தது.

மில் வேலையை வாங்கிக் கொடுத்தது அமிர்தம். அங்கே ஆபீஸ் முழுக்க அமிர்தத்தின் பொறுப்பு. லாரி வருவதிலிருந்து அரிசி போவது வரை அவள் கண்ணில் படாமல் நடக்காது. கும்பகோணம் ரயிலில் பழக்கமாகி, “எங்க மில்லுல கம்ப்யூட்டர் எல்லாம் தலைகீழா கிடக்குடி, வந்து பாரேன்” என்று கூட்டிக்கொண்டு வந்தவள். மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அமிர்தத்தின் வத்தக்குழம்புக்கு நுஸைபாவின் மகள் அடிமை.

பழைய மில்லை இடித்துவிட்டு நவீன மில் கட்டியபோது தியாகராசனுக்கு ஒரே ஆசை, எல்லாம் தன் செல்போனில் தெரிய வேண்டும். ஊறல் தொட்டியில் எவ்வளவு நெல், டிரையரில் எவ்வளவு சூடு, பாய்லரில் எவ்வளவு தண்ணீர், எல்லாம். நுஸைபா தயங்கினாள்.

“சார், பார்க்கறதுக்கு வழி வச்சா மாத்தறதுக்கும் வழி வச்ச மாதிரி. மெஷினை எல்லாம் வெளியில காட்டாம இருக்கறதுதான் நல்லது.”

“கோயம்புத்தூர்லேருந்து என்ஜினீயர் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வருவாராம்மா? காலம் மாறிப் போச்சு.”

கடைசியில் நடுவாந்தரமாக ஒரு ஏற்பாடு ஆயிற்று. ஆபீஸுக்கு ஒரு நெட்வொர்க், மெஷின்களுக்கு ஒரு நெட்வொர்க். இரண்டுக்கும் நடுவில் கன்ட்ரோல் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பார்க்கலாம், யார் வேண்டுமானாலும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளை மாற்ற இரண்டு பேரால்தான் முடியும். மெஷின் கம்பெனி என்ஜினீயர் ஒருவர், நுஸைபா ஒருத்தி. மூன்று வருஷம் அது ஒழுங்காகவே ஓடியது.

குறுவை அறுவடை நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்ட வருஷம் அது. வயலில் சாய்ந்த நெல்லை அவசர அவசரமாக அறுத்து ஈரத்தோடு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மில் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை லாரி வரிசை. ஒரு நாள் நிறுத்தினால் மூட்டைக்குள்ளேயே முளை விட்டுவிடும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் டிரையரில் ஒரு ஈடு நெல் கருகியது.

டிரையர் பார்த்தவர் இளஞ்செழியன், குத்தாலத்துக்காரர். வாய் அதிகம் பேசாதவர். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தபோது அது வறுத்த கடலை நிறத்தில் இருந்தது. சூடு இருக்க வேண்டிய அளவுக்கு வெகு மேலே போயிருந்தது.

“தூங்கிட்டியா?” என்றார் தியாகராசன்.

“இல்லைங்க முதலாளி. நான் வச்ச அளவு வேறங்க. அதுவா ஏறியிருக்கு.”

“அதுவா ஏறுமாய்யா? பேய் வந்து ஏத்துச்சா?”

அத்தனை பேர் முன்னாலும் அவரை வெளியே போகச் சொன்னார். இளஞ்செழியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மழையிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நுஸைபாவுக்குத் தகவல் வந்தது மறுநாள்தான். கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது பதிவாகிக்கொண்டே இருக்கும். அதைத் திறந்தாள். இளஞ்செழியன் சொன்னது உண்மை. சூட்டை ஏற்றச் சொன்ன உத்தரவு டிரையர் பக்கமிருந்து வரவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து போயிருந்தது. யார் பேரில் என்று பார்த்தாள்.

நுஸைபா. அவள் பேரில்.

அந்த நேரத்தில் அவள் வீட்டில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

முதலில் பாஸ்வேர்டை மாற்றத்தான் கை போனது. ஆனால் எதையாவது தொட்டுவிட்டால், பிறகு யார் நம்புவார்கள்? அப்படியே விட்டுவிட்டு நேராகத் தியாகராசனிடம் போய், அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள்.

“இளஞ்செழியன் அண்ணன் மேல தப்பில்லைங்க சார். யாரோ வெளியிலேருந்து என் பேர்ல உள்ளே வந்திருக்காங்க. இப்பவே நெட் இணைப்பைப் பிடுங்கணும், பாஸ்வேர்டு எல்லாம் மாத்தணும்.”

அவர் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

“உன் பேர்தானேம்மா இருக்கு.”

“ஆமாங்க சார். அதைத்தான் நானே கூப்பிட்டுக் காட்டறேன்.”

“சாவி ஒங்கிட்ட. பூட்டு ஒங்கிட்ட. இப்ப திருடன் வேற எங்கேயோ இருக்கான்ங்கற. வேலியே பயிரை மேயுதுன்னு நான் சொல்லலை. ஆனா சொல்றவன் சொல்லுவான்.” குரலை உயர்த்தாமலேயே சொன்னார். “திருச்சியிலேருந்து வேற ஒரு ஆளை வரச் சொல்றேன். அவர் வந்து பார்க்கற வரைக்கும் நீ எதையும் தொட வேண்டாம். மில்லுக்கும் வர வேண்டாம்.”

“இணைப்பை மட்டுமாவது—”

“கோயம்புத்தூர்க்காரர் பார்த்துக்கிட்டாதான் டிரையர் ஓடும். இருந்த ஆளையும் அனுப்பியாச்சு. நிறுத்தச் சொல்றியா, இந்த மழையில?”

அமிர்தம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நுஸைபா அவளைத் தாண்டிப் போகும்போது ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அமிர்தம் கையிலிருந்த ரசீதுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்; அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்த நுஸைபா லேப்டாப்பைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கிருந்தே உள்ளே போகலாம். பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். கதவைச் சாத்திவிடலாம். ஆனால் உள்ளே போனால் அதுவும் அவள் பேரில்தான் பதிவாகும். வர வேண்டாம் என்று சொன்ன பிறகு யாருக்கும் தெரியாமல் நுழைந்தவள் என்று ஆகிவிடும். யூசுப் போனில் வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினாள்.

“நான் சும்மா இருந்தா அவன் உள்ளே இருக்கான் மச்சான். நான் உள்ளே போனா நான்தான் அவன்.”

“நீ ஒண்ணும் பண்ணாதே. திருச்சிக்காரர் வந்து பார்க்கட்டும். உண்மை தெரிஞ்சிரும்” என்றான் யூசுப். சொல்வதற்கு அவனுக்கும் வேறு என்ன இருந்தது?

லேப்டாப்பை மூடினாள். 

மறுநாள் காலை திருவிடைமருதூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. மழையில் கேபிள் நனைந்து இணைப்பு போயிருந்தது. ஏணி மேல் நின்று வயரை முறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு மனசு மில்லிலேயே கிடந்தது. உள்ளே வந்தவன் எதையும் திருடவில்லை. அரிசி மில்லில் திருடுவதற்கு என்ன இருக்கிறது? சூட்டை ஏற்றிப் பார்த்திருக்கிறான். ஏறியது. யாரும் தடுக்கவில்லை. ஒரு மெஷின் சொன்னபடி கேட்டால் அடுத்து எதைத் தொடுவான்?

ஏணியிலிருந்தே கோவிந்தராசுவுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, பாய்லர் எப்படி ஓடுது?”

“ஓடுது தங்கச்சி. நான்தான் இங்கேயும் அங்கேயும் ஓடறேன். டிரையருக்கு ஆள் இல்லை. ரெண்டையும் கன்ட்ரோல் ரூம்ல உட்கார்ந்து ஸ்கிரீன்லேயே பாருன்னுட்டார் முதலாளி.”

“தண்ணி எவ்வளவு காட்டுது?”

“அறுபது.”

“எவ்வளவு நேரமா?”

“நான் வந்ததிலேருந்து அறுபதுதான். ஆடாம அசையாம நிக்குது. இன்னைக்குத்தான் ஒழுங்கா இருக்கு.”

நுஸைபாவின் கை வயரை விட்டது. கொதிக்கிற பாய்லரில் தண்ணீர் ஒருபோதும் ஒரே இடத்தில் நிற்காது. நீராவி போகப் போக இறங்கும், பம்ப் ஓடினால் ஏறும். ஐம்பத்தெட்டு, அறுபத்திரண்டு என்று அந்த எண் எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும். உயிரோடு இருக்கிற எந்த எண்ணும் அப்படித்தான்.

“அண்ணே, அந்த நம்பரை நம்பாதீங்க. நேரா பாய்லர்கிட்ட போய், தண்ணி மட்டம் தெரியற கண்ணாடியைப் பாருங்க. உடனே.”

“இதோ போறேன்” என்ற குரலில் அவசரம் வந்துவிட்டது.

ஸ்கூட்டரை எடுத்தாள். மில்லுக்கு வர வேண்டாம் என்று சொன்னது அப்போது நினைவில் இல்லை. ரயில்வே கேட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தடுப்புக் கட்டை இறங்கிவிட்டது. முன்னால் நெல் லாரி, பின்னால் பஸ், மேலே மழை. கோவிந்தராசுவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கன்ட்ரோல் ரூமிலேயே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அமிர்தத்துக்குப் போட்டாள்.

“அக்கா, பேசாம நான் சொல்றதைக் கேளுங்க. பாய்லர் ரூமுக்கு ஓடுங்க. கண்ணாடியில தண்ணி இல்லைன்னா பம்பைப் போடக் கூடாது. யாரும் போடக் கூடாது. காஞ்ச குழாய்ல பச்சைத் தண்ணி பட்டா வெடிச்சுரும். போனைக் கட் பண்ணாம ஓடுங்க.”

“ஐயோ, என்னடி சொல்றே—”

“ஓடுங்கக்கா!”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூச்சிரைப்பு கேட்டது. தகரக் கூரையில் மழை. சேற்றில் கால் சளக் சளக்கென்று புதைகிற சத்தம். ஏதோ விழுந்தது, ‘அம்மா’ என்று ஒரு முனகல், மறுபடி ஓட்டம். அப்புறம் உமி அடுப்பின் இரைச்சல். அதற்கு மேலே கோவிந்தராசுவின் குரல்.

“கண்ணாடியில தண்ணியே தெரியலைங்க முதலாளி!”

“ஸ்கிரீன்ல அறுபது இருக்குய்யா. நான் இப்பத்தானே போன்ல பார்த்தேன். கண்ணாடி அடைச்சிருக்கும். சந்தேகமா இருந்தா பம்பைப் போடு, முடிஞ்சுது!”

“போடக் கூடாதுங்க. அடைப்பா இல்லையான்னு தெரியாம—”

“அக்கா!” நுஸைபா கத்தினாள். லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். “அவரு சொல்றது பொய்யி, ஸ்கிரீன் பொய்யி! அடுப்பை அணைக்கச் சொல்லுங்க! பம்பு மெயின் சுவிட்சை இறக்கச் சொல்லுங்க! நம்ம ஆளு போடாட்டாலும் உள்ளே இருக்கறவன் அங்கேருந்து போட்டுருவான்! கேக்குதா? மெயினை இறக்கச்—”

ரயில் வந்தது. ஹாரன், அதன் பின்னாலேயே எஞ்சின், அதன் பின்னாலேயே பெட்டி பெட்டியாக இரும்பு இரைச்சல். போனில் யாரோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கடைசிப் பெட்டி போனபோது லைன் அறுந்திருந்தது.

கட்டையைத் தூக்கியதும் முதலில் நுழைந்தது அவள் ஸ்கூட்டர்தான். ரோட்டில் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. காது மட்டும் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து மாவட்டத்தில் எங்கோ ஒரு மில்லில் கேட்டதாக மூட்டை தூக்குகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று உதடு தானாக முணுமுணுத்தது. தூரத்தில் புகைபோக்கி தெரிந்தது. புகை கறுப்பாக இல்லை. இளைத்துக்கொண்டு வந்தது.

மில்லில் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே ரோட்டோரம் நனைந்துகொண்டு நின்றார்கள். அமிர்தம் முற்றத்து நடுவில் நின்றாள். முழங்கால் வரை சேறு. முழங்கையிலிருந்து ரத்தம் மழையோடு கலந்து வழிந்தது.

“இறக்கிட்டாங்க” என்றாள். “மெயினை இறக்கிட்டாங்கடி. கோவிந்தராசு இறக்கிட்டாரு. அடுப்புலேருந்து உமியை வாரிக்கிட்டிருக்காரு.”

பாய்லர் அறை வாசலில் தியாகராசன் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முகத்தில் சினத்துக்கும் பயத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று. “யார் உன்னை வரச் சொன்னது?” என்று ஆரம்பித்தார்.

“கூட வாங்க சார். கன்ட்ரோல் ரூமுக்கு.”

அவள் நடந்த வேகத்துக்கு அவரும் வர வேண்டியிருந்தது. கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. மேஜை மேல் கோவிந்தராசுவின் போன், பாதி குடித்த டீ. ஸ்கிரீனில் பாய்லர் படம். தண்ணீர் அறுபது.

அந்தப் படத்தின் மேல் அம்புக்குறி நகர்ந்தது.

மவுஸ் மேஜை மேல் அசையாமல் கிடந்தது. அம்புக்குறி மட்டும் மெதுவாக, வழி விசாரித்துக்கொண்டு போகிறவனைப் போல, ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போனது. பம்ப் என்று எழுதியிருந்த பொத்தானில் நின்றது. அழுத்தியது. பொத்தான் பச்சையானது. எங்கேயும் எந்தச் சத்தமும் இல்லை; மெயின் சுவிட்ச் இறங்கிக் கிடந்தது. மறுபடி அழுத்தியது. மறுபடி.

“யாரும்மா அது?” தியாகராசனின் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

“தெரியலைங்க சார். ஆனா நான் இங்கே உங்க பக்கத்துல நிக்கறேன்.”

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. பிறகு குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த நீலக் கேபிளைப் பிடுங்கினாள். அம்புக்குறி பாதி வழியில் அப்படியே நின்றது.

பாய்லர் ஆறச் சாயங்காலம் வரை ஆயிற்று. யாரையும் கிட்டே விடாமல் கோவிந்தராசு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிறகு பரிசோதிக்க வந்தவர் உள்ளே பார்த்துவிட்டு, சில குழாய்கள் சூட்டில் வளைந்து தொய்ந்து போயிருப்பதாகச் சொன்னார். அந்த நிலையில் தண்ணீர் விட்டிருந்தால் என்ற வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.  தண்ணீர் குறைந்தால் அலற வேண்டிய மணி, மழைக்கு முன்பிருந்தே எலி வயரைக் கடித்ததால் ஊமையாகக் கிடந்தது. ஊறல் தொட்டியில் கிடந்த நெல்லெல்லாம் புளித்து, அந்த நாற்றம் ஊர் வரைக்கும் போனது.

உள்ளே வந்தவன் செய்தது பெரிய மந்திரமில்லை. சென்சாரிலிருந்து வருகிற உண்மையான எண்ணை நிறுத்திவிட்டு, அறுபது என்று கையால் போட்டுவிட்டான். அறுபது இருக்கிறதே என்று தானியங்கி பம்பும் ஓடவில்லை. மெஷினும் மனிதர்களும் ஒரே பொய்யை நம்பினார்கள்.

“அவன் எப்படி வந்தான்னு கண்டுபிடி. என்ன வேணும்னாலும் தொட்டுக்க” என்றார் தியாகராசன். மன்னிப்பு என்று வாயால் எதுவும் வரவில்லை. அந்தக் குரலில் முன்பிருந்த ‘சொல்றவன் சொல்லுவான்’ மட்டும் இல்லை. சைபர் போலீஸுக்கும் புகார் போனது. அவர்கள் வந்து கம்ப்யூட்டரின் நகலை எடுத்துக்கொண்டு போனார்கள். யார் அவன், எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தான் என்பது இன்றுவரை தெரியவில்லை.

வழி மட்டும் தெரிந்தது. தண்ணீர் வருகிற தடத்தைப் பிடித்துக்கொண்டே வாய்க்கால் வாய்க்காலாகத் தலைமதகுக்குப் போவதுபோல, நுஸைபா ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பின்னோக்கிப் போனாள். கன்ட்ரோல் ரூமுக்கு வந்தவன் ஆபீஸிலிருந்து வந்திருந்தான். ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து. அதில் தூரத்திலிருந்து இயக்குகிற ஒரு மென்பொருள் புதிதாக உட்கார்ந்திருந்தது. அமிர்தத்தின் கம்ப்யூட்டர்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. முன்பு ஒருநாள் பிரிண்டர் கோளாறைச் சரி செய்தபோது நுஸைபா அந்த கம்ப்யூட்டரிலிருந்தே தன் பேரில் கன்ட்ரோல் ரூமுக்குள் போயிருக்கிறாள். அவசரத்தில் பாஸ்வேர்டை அங்கேயே தங்க விட்டுவிட்டாள். அவன் பூட்டை உடைக்கவே இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவனுக்கு ஆணியில் சாவி மாட்டிக் கிடந்தது. அவளுக்குக் காது சுட்டது.

மத்தியானம் அமிர்தம் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் கட்டு. நுஸைபா எதிரே உட்கார்ந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மெஷின் கம்பெனிலேருந்து பேசறேன்னான்” என்றாள் அமிர்தம். “டிரையர் பேரு, பாய்லர் பேரு, முதலாளி பேரு எல்லாம் சரியா சொன்னான். மரியாதையா பேசினான். அவசரமா அப்டேட் பண்ணணும், இல்லைன்னா மெஷின் நின்னுரும்னான். வெளியில அத்தனை லாரி நிக்குது. அவன் சொன்னதை கம்ப்யூட்டர்ல ஏத்தினா ஒரு நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்கன்னான். படிச்சேன்.”

“எப்பத் தெரிஞ்சுது, தப்பு நடந்துருச்சுன்னு?”

“நெல்லு கருகினப்பவே சந்தேகம்.”

“இளஞ்செழியன் அண்ணன் போனப்ப அங்கேதானே நின்னீங்க. சார் என்னைச் சொன்னப்பவும் நின்னீங்க.”

அமிர்தம் அழவில்லை. “இருபது வருஷமா இந்த இடம்தான் எனக்கு. வேற எதுவும் இல்லை. வாயைத் திறந்தா நாளைக்கு எங்கே போவேன்னுதான் தோணுச்சு. உன் முகத்தைப் பார்க்கலை, அதனால பேசாம நிக்க முடிஞ்சுது.”

நுஸைபாவுக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. அதே சமயம் அந்தச் சேறும், மழையில் ஓடிய மூச்சிரைப்பும் காதிலிருந்து போகவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான். எதை வைத்து அவளைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

“நீங்க போய் சொல்றீங்களா அக்கா, நான் சொல்லட்டுமா? சொல்லாம விட முடியாது. அவன் மறுபடி பேசுவான். உங்ககிட்ட இல்லைன்னா வேற ஒருத்தர்கிட்ட.”

அமிர்தம் டிபன் பாக்ஸை நகர்த்தி வைத்தாள். “கூட வர்றியா?”

தியாகராசனின் அறையில் அமிர்தம்தான் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். அவள் முடித்ததும் நுஸைபா தன் பாஸ்வேர்டு கதையையும் சொன்னாள். அவர் மேஜையில் அடித்தார். “ரெண்டு பேரும் சேர்ந்து என் மில்லைக் கொளுத்தப் பார்த்தீங்க! நாளையிலேருந்து நீ வர வேண்டாம்” என்று அமிர்தத்தைப் பார்த்துக் கத்தினார்.

“அனுப்பறதுன்னா அனுப்புங்க சார், உங்க மில்லு” என்றாள் நுஸைபா.  “ஆனா ஒண்ணு. உண்மையைச் சொன்னதுக்கு ஒருத்தரை வெளியில அனுப்பிட்டீங்கன்னா, அடுத்த தடவை இப்படி ஒரு போன் வந்தா இங்கே யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. எல்லாரும் அறுபதுன்னே சொல்லிக்கிட்டிருப்பாங்க. இப்பவும் அதுதானே நடந்துச்சு? இளஞ்செழியன் அண்ணனை அன்னைக்கு அனுப்பாம இருந்திருந்தா அக்கா அன்னைக்கே சொல்லியிருப்பாங்க. பாய்லருக்குப் பக்கத்துலேயும் ஆள் இருந்திருக்கும்.”

அவர் ஜன்னல் வழியாகப் புகையில்லாத புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “போய் வேலையைப் பாருங்க” என்றார். யாரை, எந்த வேலையை என்று சொல்லவில்லை. மறுநாள் அமிர்தம் வந்தாள், யாரும் தடுக்கவில்லை. அவ்வளவில் அது முடிந்தது.

பாய்லரை நெட்வொர்க்கோடு மறுபடி இணைக்கவே இல்லை. கோயம்புத்தூர் என்ஜினீயர் வேண்டுமென்றால் போன் செய்வார், நுஸைபா நேரம் பார்த்துத் திறந்து விடுவாள், வேலை முடிந்ததும் மூடிவிடுவாள். ஊமை மணிக்குப் புது வயர் போட்டார்கள். சாவி தன் ஒருத்தி கையில் மட்டும் இருக்கக் கூடாது என்று நுஸைபா பிடிவாதமாகச் சொல்லி, மாற்றங்களுக்கு இரண்டு பேர் ஒப்புதல் என்று வைத்துக்கொண்டாள். அமிர்தமும் அவளும் பேசிக்கொள்கிறார்கள். வேலை விஷயம், மழை விஷயம். மத்தியானச் சாப்பாடு மட்டும் ரொம்ப நாள் தனித்தனியாகத்தான் நடந்தது.

இளஞ்செழியனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லித் தியாகராசனே ஆள் அனுப்பினார். அவர் வரவில்லை. குத்தாலம் பக்கம் வேறொரு மில்லில் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நுஸைபா தானே கிளம்பிப் போனாள்.

தெருமுனையில் வீடு விசாரித்தபோது பெட்டிக்கடையில் நின்றவர், “யாரு, டிரையர்ல தூங்கிட்டு வேலை போச்சே, அவரா?” என்றார்.

“அவர் தூங்கலைங்க” என்றாள் நுஸைபா. கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நின்று சொன்னாள். “அவர் மேல எந்தத் தப்பும் இல்லை. வெளியிலேருந்து ஒருத்தன் பண்ணின வேலை. நான் அந்த மில்லுல கம்ப்யூட்டர் பார்க்கறவ. நானே கண்டுபிடிச்சேன்.”

வீட்டில் அவர் மனைவிக்கும் அதையே மறுபடி சொன்னாள். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இளஞ்செழியன் அவள் உட்கார ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

“நீங்க அன்னைக்கே எனக்காகப் பேசினதா கோவிந்தராசு சொன்னாரு” என்றார். “அதுக்கு மேல என்னங்க? போனது போச்சு.”

டீ வந்தது. குடித்துவிட்டு நுஸைபா எழுந்தபோது அவர் வாசல் வரைக்கும் கூடவே வந்தார். ஏதோ கேட்க வந்து தயங்குவது தெரிந்தது.

“ஒண்ணு கேக்கணும். நான் இப்ப இருக்கற மில்லுலேயும் அதே ஸ்கிரீன்தான். அதே கம்பெனி மெஷின்தான். முதலாளி போன்லதான் பார்க்கறாரு.” குரலைத் தாழ்த்தினார். “அதுக்குள்ளேயும் யாராவது உட்கார்ந்திருப்பாங்களா?”

இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

“இன்னைக்கு மில்லு ஓடுதா?” என்று கேட்டாள்.

“ஓடுது. மத்தியான ஷிப்டு என்னோடது.”

“பாய்லர்கிட்ட இப்ப யாரு நிக்கறா?”

அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நுஸைபா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.